பரோல் ரத்து விசாரணைக்கு அரசு செலவில் வக்கீல்: நியூயார்க் சேவை எப்படி இருக்கிறது?

நியூயார்க் மாநிலத்தில் பரோலில் வெளியே இருப்பவர் நிபந்தனையை மீறிவிட்டார் என்று சொல்லி அவரை மறுபடி உள்ளே தள்ளப் பார்த்தால், கையில் காசு இல்லாவிட்டாலும் அவருக்கு வக்கீல் உண்டு. என் வழக்கு சிக்கலானது, எனக்குப் பேச வராது என்றெல்லாம் மனு எழுதி யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. வாரண்டில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்த முதல் விசாரணையிலேயே வக்கீல் கூட நிற்பார். அமெரிக்காவில் இதே சேவையை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகத் தருகிறது, மத்திய நீதிமன்றங்கள் இன்னொரு விதமாகத் தருகின்றன. அவற்றோடு வைத்துப் பார்க்கையில் நியூயார்க்கினுடையதுதான் மேல் என்பது என் மதிப்பீடு. குறைகளும் இருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் ஒருவரின் பல மாதங்களைத் தின்றுவிடக்கூடிய குறைகள் அவை.

நம் ஊர் வாசகர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பரோல் என்றால் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கைதி சில நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்து திரும்புவது. அமெரிக்க பரோல் அது இல்லை. சிறைத் தண்டனையின் மீதிக் காலத்தை வெளியே, பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் கழிப்பது. வருடக் கணக்கில் நீளும். வேலைக்குப் போவார், வாடகை கட்டுவார், பிள்ளையைப் பள்ளியில் விடுவார். கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியல் இருக்கும்: குறித்த நாளில் அதிகாரி முன் ஆஜராக வேண்டும், இரவு குறித்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், முகவரி மாறினால் சொல்ல வேண்டும், இப்படி. ரத்து என்றால் இந்த வாழ்க்கை மொத்தமும் ஒரே நாளில் கலைகிறது. அதனால்தான் அந்த அறையில் யார் கூட நிற்கிறார் என்பது இவ்வளவு முக்கியம்.

மத்திய அரசியல் சட்டம் இதற்குப் போட்டிருக்கும் அடித்தளம் மிகத் தாழ்வானது. 1972 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோரிஸ்ஸி எதிர் புரூவர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அயோவா மாநிலத்தில் பொய்க் காசோலை வழக்கில் தண்டனை பெற்று, 1968-இல் பரோலில் வந்தவர் மோரிஸ்ஸி. ஏழே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். வேறு பெயரில் கார் வாங்கி அனுமதி இல்லாமல் ஓட்டினார், சின்ன விபத்துக்குப் பிறகு போலீஸிடம் தப்பான முகவரி கொடுத்தார், வேறு பெயரில் கடன் வாங்கினார், தங்கும் இடத்தைத் தெரிவிக்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். பரோல் அதிகாரியின் அறிக்கை ஒன்றை வைத்து, விசாரணையே இல்லாமல் ரத்து செய்தார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். பிடித்த உடனே, பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க முதல்கட்ட விசாரணை. பிறகு நியாயமான காலத்துக்குள் இறுதி விசாரணை. எழுத்தில் குற்றச்சாட்டு, தனக்கு எதிரான சான்றுகளைப் பார்க்கும் உரிமை, நேரில் பேசவும் சாட்சி கொண்டுவரவும் வாய்ப்பு, குறுக்கு விசாரணை, நடுநிலையான விசாரணையாளர், காரணத்தோடு எழுதிய முடிவு என்று ஆறு குறைந்தபட்சத் தேவைகளை வரிசைப்படுத்தியது. வக்கீல் உண்டா என்ற கேள்வியை மட்டும் பதில் சொல்லாமல் விட்டது.

அந்தப் பதில் அடுத்த ஆண்டு, 1973 மே மாதம், கேக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்கில் வந்தது. ஆறுதல் தரும் பதில் இல்லை. எல்லோருக்கும் வக்கீல் தரத் தேவையில்லை, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் நீதிபதி பவல். நான் மீறவே இல்லை என்று ஒருவர் ஓரளவு நம்பும்படி சொன்னால், அல்லது மீறியது உண்மைதான், ஆனால் அதற்குத் தகுந்த காரணம் உண்டு, அந்தக் காரணம் எடுத்துச் சொல்லக் கடினமானது என்று காட்டினால், பொதுவாக வக்கீல் தர வேண்டும். அவரால் தன் தரப்பைத் தானே பேச முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பழுது அதன் உள்ளேயே இருக்கிறது. எனக்கு வக்கீல் தேவை என்று சட்டம் ஏற்கும்படி எடுத்துச் சொல்வதே ஒரு வக்கீலின் வேலை. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர், மனநலப் பிரச்சினை உள்ளவர், ஆங்கிலம் சரளமாக வராதவர், ஜெயிலில் முதல் நாள் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பவர், இவர்களுக்குத்தான் வக்கீல் மிகவும் தேவை. படிவத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்து உரிமையை இழப்பவர்களும் இவர்கள்தான். ஆகவே இந்தச் சேவையை எந்த மாநிலத்தில் மதிப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது, வக்கீல் தானாக வருகிறாரா, கேட்டால்தான் வருவாரா என்பதை. அடுத்தது, எத்தனையாவது மணி நேரத்தில் வருகிறார் என்பது.

நியூயார்க் இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. மெனெச்சினோ வழக்கில் 1971-லேயே மாநிலத்தின் மேல் நீதிமன்றம் பரோல் ரத்து விசாரணையில் வக்கீல் உரிமையை ஏற்றுக்கொண்டது. கேக்னன் வந்த பிறகும் பின்வாங்கவில்லை. ஆனால் நெடுங்காலம் அந்த உரிமை நடைமுறையில் பலன் தந்தது இறுதி விசாரணையில்தான். முதல்கட்ட விசாரணைக்கு 15 நாள், அதன் பிறகு இறுதி விசாரணைக்கு 90 நாள் என்று அப்போது கெடு இருந்தது. ஜாமீன் கிடையாது. ஆகக்கூடி 105 நாள் வரை ஒருவர் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில், சிறுநீர்ப் பரிசோதனையில் தவறியதற்காகவோ இரவு தாமதமாக வீடு திரும்பியதற்காகவோ உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் வக்கீல் வந்து வழக்கை வென்றாலும் அதற்குள் வேலை போயிருக்கும், அறையைக் காலி செய்திருப்பார்கள்.

இதை மாற்றியது ‘லெஸ் இஸ் மோர்’ சட்டம். ஆளுநர் கேத்தி ஹோக்குல் 2021 செப்டம்பர் 17 அன்று கையெழுத்திட்டார். அன்றைக்கே ரைக்கர்ஸிலிருந்து 191 பேரை விடுவிக்க உத்தரவிட்டார். சட்டத்தின் பெரும்பகுதி 2022 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய சேவை இந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

படிப்படியாக என்ன நடக்கிறது

பரோல் அதிகாரி மீறல் என்று கருதினால் மேலதிகாரியிடம் கொண்டுபோவார். சிறு மீறல்களுக்குப் பெரும்பாலும் வாரண்ட் இல்லை, மீறல் அறிவிப்பு மட்டும் வரும். ஆள் வெளியிலிருந்தே விசாரணைக்கு வருவார். வாரண்டில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுவிப்பு விசாரணை நடக்கும். புதிய குற்ற வழக்கில் கைதாகியிருந்தால் அந்த வழக்கின் முதல் ஆஜரின்போதே இதையும் பார்க்கலாம். நீதிபதி கேட்க வேண்டிய கேள்வி குறுகலானது: இவர் அடுத்த விசாரணைக்கு வேண்டுமென்றே வராமல் போகும் ஆபத்து கணிசமாக இருக்கிறதா, பணம் சாராத எந்த நிபந்தனை போட்டாலும் அதைத் தடுக்க முடியாதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் காவல். இல்லாவிட்டால் வெளியே விட வேண்டும்.

காவலில் வைத்தால் முதல்கட்ட விசாரணை 5 நாளுக்குள், வெளியே இருந்தால் 10 நாளுக்குள். இங்கே முகாந்திரம் மட்டும் போதாது. மீறல் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். இறுதி விசாரணை காவலில் இருப்பவருக்கு 30 நாளுக்குள், வெளியே இருப்பவருக்கு 45 நாளுக்குள். அங்கே தெளிவான, நம்பத்தக்க சான்று தேவை. குற்ற வழக்குக்குரிய ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்ற அளவு இல்லை என்றாலும், முன்பிருந்ததைவிட ஒரு படி உயர்வு. மூன்று விசாரணையிலும் வக்கீல் உரிமை உண்டு. வசதியில்லாதவருக்கு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சட்டத்தின் 18-பி பிரிவுத் திட்டத்தின்படி நீதிமன்றம் வக்கீலை நியமிக்கும். நியூயார்க் நகரில் லீகல் எய்டு சொசைட்டி என்ற இலவச சட்ட உதவி அமைப்பில் பரோல் ரத்து வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு நெடுங்காலமாக இயங்குகிறது. நாள் முழுக்க இதே வேலையைச் செய்யும் வக்கீல்கள் என்பதால் அதிகாரிகளின் அறிக்கையில் எந்த வரி பலவீனமானது என்று பார்த்ததும் பிடித்துவிடுவார்கள்.

தண்டனைக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. ஊரடங்கு நேரம் தவறியது, மது அல்லது போதைப் பயன்பாடு, வேலை மாறியதைச் சொல்லாதது, கட்டணம் கட்டாதது போன்றவற்றுக்குச் சில விலக்குகள் தவிர சிறையே கிடையாது. தலைமறைவு என்றால் முதல் தடவை 7 நாள் வரை, இரண்டாவது தடவை 15, அதற்குமேல் 30. மற்ற டெக்னிக்கல் மீறல்களுக்கு, அதாவது புதிய குற்றம் இல்லாமல் நிபந்தனையை மட்டும் மீறியதற்கு, முதல் இரண்டு தடவை சிறை இல்லை. மூன்றாவதற்கு 7, நான்காவதற்கு 15, ஐந்து முதல் 30 நாள் வரை. இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரூபணமான மீறல்தான் எண்ணிக்கையில் ஏறும். சிறை இல்லைதானே, ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதல் மீறலை ஒப்புக்கொள்பவர் தன் கணக்கில் ஒரு படி ஏறிவிடுகிறார். நல்ல வக்கீல் சிறை இல்லாத மீறலையும் எதிர்த்துப் போராடுவது இதனால்தான். பயனாளிகளுக்கு அப்போது இது வீண் வேலையாகத் தெரியும். மூன்றாவது அறிவிப்பு வரும்போது புரியும்.

வக்கீல் இருந்தால் என்ன மாறுகிறது

தலைமறைவுக் குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். அறிக்கையில் வழக்கமாக இருப்பது இவ்வளவுதான்: குறித்த நாளில் ஆஜராகவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை. வக்கீல் இல்லாதவர் இதற்கு எதிரே, எனக்கு உடம்பு சரியில்லை, போன் கெட்டுப்போச்சு என்று சொல்வார். விசாரணையாளர் காதில் அது சாக்குப்போக்காகத்தான் விழும்.

வக்கீல் சட்டத்தின் விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவார். தலைமறைவு என்றால் கண்காணிப்பை வேண்டுமென்றே தவிர்த்திருக்க வேண்டும். அதிகாரியோடும் அலுவலகத்தோடும் தொடர்பை விட்டிருக்க வேண்டும். தங்கும் இடம் மாறியதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அவரை மறுபடி தொடர்புக்குக் கொண்டுவர அதிகாரி நியாயமான முயற்சிகள் எடுத்தும் பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. வீட்டுக்குப் போனது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அவர் காலை ஷிஃப்ட் வேலை பார்ப்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறதே, காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் எப்படி இருப்பார்? அவசரத் தொடர்புக்கென்று கொடுத்த அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டீர்களா? இலவச விடுதியில் தங்கியிருந்தால், விடுதி அலுவலகத்தில் இரவுக் கையெழுத்துப் பதிவேட்டைக் கேட்டீர்களா? அந்தப் பதிவேட்டின் நகலை வக்கீல் வரவழைத்துவிட்டால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். அதே இடத்தில், அதே படுக்கையில் தினமும் கையெழுத்துப் போட்டவரை ஓடிப்போனவர் என்று சொல்ல முடியாது. அதிகபட்சம் ஆஜராகத் தவறினார் என்ற சாதாரண மீறலாக அது சுருங்கும். அதற்கு முதல் தடவை சிறை இல்லை.

அறிக்கை எழுதிய அதிகாரி விசாரணைக்கு வராமல், காகிதத்தை மட்டும் இன்னொருவர் வாசிப்பது பழைய பழக்கம். 1984-இல் மெக்கீ எதிர் வால்டர்ஸ் வழக்கில் நியூயார்க் மேல் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. எழுதியவரை ஏன் கூட்டிவர முடியவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் பதிவாகாமல் அந்தக் காகிதத்தை ஏற்கக் கூடாது. இது வக்கீலுக்குத் தெரியும். ஜெயிலிலிருந்து வருகிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆட்சேபம் அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டால் மேல்முறையீட்டில் அதை எழுப்புவதும் கஷ்டம்.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரியாதது. சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருளைப் பரோல் விசாரணையில் பயன்படுத்தலாம் என்று மத்திய உச்ச நீதிமன்றம் 1998-இல் பென்சில்வேனியா வழக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் 1979-இன் பிக்கரில்லோ தீர்ப்பின்படி மாநில அரசியல் சட்டம் அதை விலக்குகிறது. ஆகவே போலீஸ் காரை நிறுத்தியது முறையா, அறைக்குள் நுழைந்தது முறையா என்பதெல்லாம் இங்கே வாதத்துக்குரியவை. ஆனால் மனு போட்டுக் கேட்டால்தான். கேட்கத் தெரிந்த ஆள் இல்லாத மாநிலத்தில் இப்படி ஒரு உரிமை இருந்தும் பயனில்லை.

எங்கே சறுக்குகிறது

முதல் குறை நேரம். 24 மணி நேரத்துக்குள் விசாரணை என்பது ஆளுக்கு நல்லது, வக்கீலுக்கு நெருக்கடி. கோப்பு கைக்கு வந்த சில நிமிடங்களில் நீதிமன்றக் காவல் அறைக் கம்பிக்கு வெளியே நின்று பேசி, வீட்டு முகவரி, வேலை, சொந்தக்காரர் எண் என்று பொறுக்கிக்கொண்டு வாதாட வேண்டும். விடுவிப்பு விசாரணையில் பேசிய வக்கீலே முதல்கட்ட விசாரணைக்கும் வருவார் என்று உறுதியில்லை. கைமாறும் இடத்தில் தகவல் சிந்துகிறது: முதல் வக்கீலிடம் சொன்ன அக்காவின் எண் இரண்டாமவர் கோப்பில் இருக்காது. குடும்பத்தார் ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதே விவரங்களைப் புதிதாக, எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, சான்றுகளைப் பெறுவது. குற்ற வழக்கில் அரசுத் தரப்பு தன்னிடமுள்ள ஆவணங்களைத் தானாகவே தர வேண்டும் என்று நியூயார்க்கில் கடுமையான சட்டம் இருக்கிறது. பரோல் விசாரணை நிர்வாக விசாரணை என்பதால் அது இங்கே பொருந்தாது. அதிகாரியின் தொடர்புக் குறிப்புகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தாமதமானால் வக்கீல் ஒத்திவைப்புக் கேட்க வேண்டிவரும்; அப்படிக் கேட்ட நாட்கள் கெடுவில் சேராது, காவல் நீளும். அவசரமா, ஆவணமா என்று வக்கீலைத் தேர்ந்தெடுக்க வைப்பது இந்த ஏற்பாட்டின் நேர்மையற்ற இடம்.

மூன்றாவது, இறுதி விசாரணையை நடத்தும் நிர்வாக நீதிபதி சிறை மற்றும் சமூகக் கண்காணிப்புத் துறையின் ஊழியர். குற்றம் சாட்டும் பரோல் அதிகாரியும் அதே துறை. மோரிஸ்ஸி தீர்ப்பு இதை அனுமதிக்கிறது. பரோல் வாரியம் போன்ற அமைப்பே நடுநிலைக்குப் போதும் என்றது. தனிப்பட்ட முறையில் நேர்மையான நீதிபதிகள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் ஒரே கூரையின் கீழ் வாதியும் நடுவரும் சம்பளம் வாங்குவதை எவ்வளவு நல்ல வக்கீலாலும் சரிசெய்ய முடியாது.

பணம் நான்காவது. 18-பி வக்கீல்களின் ஊதியம் 2004 முதல் பெருங்குற்ற வழக்குக்கு மணிக்கு 75 டாலர், சிறுகுற்ற வழக்குக்கு 60 டாலர் என்று உறைந்து கிடந்தது. மாநிலம் முழுக்க 158 டாலரானது 2023-இல்தான். இடைப்பட்ட இருபது வருடத்தில் பலர் இந்த வேலையை விட்டு விலகினார்கள். நகரத்தில் தனிப் பிரிவே இருக்கும் சேவையை, மாநிலத்தின் வடக்கே கிராமப்புற கவுண்டியில் எதிர்பார்க்க முடியாது. அங்கே நியமனமாகும் வக்கீல் காலையில் திருட்டு வழக்கு, மதியம் குழந்தைப் பராமரிப்பு வழக்கு, இடையில் இந்தப் பரோல் வழக்கு என்று ஓடுகிறவராக இருப்பார். உரிமை ஒன்றுதான், தரம் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து மாறுகிறது.

புதிய குற்ற வழக்கும் சேர்ந்து நடக்கும்போதுதான் அபாயம் மிக அதிகம். அது டெக்னிக்கல் மீறல் இல்லை, மேலே சொன்ன நாள் வரம்பும் பொருந்தாது. பரோல் விசாரணையில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தை குற்ற வழக்கில் அவருக்கு எதிராக வரலாம். இரண்டு வழக்குக்கும் இரண்டு வக்கீல் என்றால் இருவரும் பேசிக்கொண்டார்களா என்று உறுதிசெய்யாமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. புதிய பெருங்குற்றத்தில் தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போனாலோ, ரத்து விசாரணை இல்லாமலே நடந்துவிடும். அங்கே இந்தச் சேவைக்கு வேலையே இல்லை.

மற்ற இடங்களோடு

இல்லினாய் கேக்னன் வழியிலேயே போகிறது. 2013-இல் தொடுத்த வகுப்பு வழக்கு (ஒரே நிலையில் இருக்கும் எல்லோர் சார்பிலும் சேர்த்துப் போடும் வழக்கு) 2017-இல் சமரசத்தில் முடிந்து, ஒவ்வொருவரையும் வக்கீலுக்குத் தகுதியானவரா என்று பரிசோதித்து, தகுதியானவருக்கு அரசு செலவில் வக்கீல் தர மாநிலம் ஒத்துக்கொண்டது. முன்பு எதுவுமே இல்லாத இடத்தில் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் சல்லடை சல்லடைதான். மிசௌரியில் அந்தச் சல்லடையைக்கூட மாநிலம் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. 2017-இல் தொடுத்த வழக்கில் மத்திய மாவட்ட நீதிமன்றம் உத்தரவு போட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவின் பாதை வளைந்து வளைந்து போனது. வால்டிவியா வகுப்பு வழக்கில் 2004-இல் வந்த உத்தரவு எல்லோருக்கும் வக்கீல் என்றது. முகாந்திர விசாரணைக்கு 10 வேலை நாள், இறுதி விசாரணைக்கு 35 நாள் என்று கெடு வைத்தது. மெக்ஜார்ஜ் சட்டக் கல்லூரி நடத்திய திட்டம் வக்கீல்களை அனுப்பியது. 2008 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 9-ஆவது முன்மொழிவு அந்த உரிமையை மறுபடி வழக்குக்கு வழக்கு என்று சுருக்கப் பார்த்தது. 2013 ஜூலை 1 முதல் பெரும்பாலான பரோல் ரத்து வழக்குகள் பரோல் வாரியத்திடமிருந்து கவுண்டி நீதிமன்றங்களுக்கு மாறின. பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு சம்பளத்தில் இருக்கும் எதிர்த்தரப்பு வக்கீல், வாதாடுகிறார், தண்டனை 180 நாளைத் தாண்டாது. நீதிபதி வேறு துறை என்பதில் கலிஃபோர்னியா நியூயார்க்கைவிட மேல். வக்கீல் வருவதற்கு முன்பே, இவ்வளவு நாள் ஜெயில், விசாரணை வேண்டாம் என்று எழுதிக்கொடு என்று கேட்பதற்கு இடம் இருப்பதில் கீழ்.

மத்திய நீதிமன்றங்களில் பரோலின் இடத்தைக் கண்காணிப்பு விடுதலை (சிறைக் காலம் முடிந்த பிறகு தொடரும் கண்காணிப்பு) பிடித்துக்கொண்டு பல காலம் ஆகிறது. அங்கே வசதியில்லாதவருக்கு வக்கீல் சட்டப்படியே உறுதி, பெரும்பாலும் மத்திய அரசு செலவில் வரும் திறமையான ஃபெடரல் டிஃபெண்டர்கள். ஆனால் விசாரணை வரை வெளியே இருக்க வேண்டுமானால், நான் ஓடிப்போக மாட்டேன், யாருக்கும் ஆபத்தில்லை என்று தெளிவான, நம்பத்தக்க சான்றோடு நிரூபிக்கும் சுமை அந்த நபர் தலையில். நியூயார்க்கில் சுமை நேர் எதிர்ப்பக்கம். வக்கீலின் திறமை ஒரே அளவாக இருந்தாலும் விளைவு வேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு

பிடிபட்டவர் வக்கீல் வரும் வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. குறிப்பாக முதல்கட்ட விசாரணையை விட்டுக்கொடுக்கும் படிவத்தில். அந்த விசாரணை தோற்றாலும் வீணில்லை. அதிகாரியை அங்கே சத்தியப் பிரமாணத்தோடு பேசவைத்தால், இறுதி விசாரணையில் அவர் பேச்சை மாற்ற முடியாது. பரோல் அதிகாரியிடம் மரியாதையாக, வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்வது போதும். விளக்கம் கொடுக்கப் போய் ஒப்புதல் கொடுத்தவர்கள் ஏராளம்.

வீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கே திரட்ட வேண்டியவை: கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், சிகிச்சை மையத்தின் வருகைப் பதிவு, மருத்துவமனைக்குப் போயிருந்தால் தேதியுள்ள டிஸ்சார்ஜ் தாள், பரோல் அலுவலகத்துக்குப் போட்ட போன் அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட். அழைப்புப் பட்டியலில் தேதியும் எண்ணும் சேர்ந்து தெரிய வேண்டும். பெயர் மட்டும் தெரியும் படம் சான்றாக நிற்காது. நீதிமன்றத்துக்கு நேரில் ஒருவராவது போவது விடுவிப்பு விசாரணையில் நிஜமாகவே பயன் தரும். ஓடிப்போவாரா என்பதுதான் அங்கே கேள்வி. இவர் என் வீட்டில்தான் இருக்கிறார், அடுத்த தேதிக்கு நானே கூட்டிவருகிறேன் என்று சொல்ல ஓர் ஆள் எழுந்து நிற்பதை வக்கீல் நீதிபதிக்குச் சுட்டிக்காட்ட முடியும். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிப் பதிவு செய்யவைக்க வேண்டும். சமாளித்துக்கொள்ளலாம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் இருந்துவிட்டு, இறுதி விசாரணை அன்று கேட்டால் தேதிதான் தள்ளிப்போகும்.

இறுதி முடிவு எழுத்தில் வரும். எந்த மீறல் நிரூபணமானது, எந்தச் சான்றை ஏற்றார்கள், எத்தனையாவது மீறலாகக் கணக்கு வைத்தார்கள் என்று மூன்றையும் அதில் சரிபாருங்கள். எண்ணிக்கைத் தப்பு நடக்கக்கூடியதுதான். முன்பு நிரூபணமாகாத மீறலையும் சேர்த்து எண்ணினால் 7 நாள் 15 நாளாகிவிடும். காகிதம் கைக்கு வந்ததுமே மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கும். ஆகவே விசாரணை அறையை விட்டு வெளியே வருமுன், மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வது நீங்களா, வேறு வக்கீலா என்று அதே வக்கீலிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.